எண்ணெய் தொட்ட பந்து

ராயபுரத்துக்காரி ஜானட் தன் வீட்டு மொட்டை மாடியில் சில மாதங்களாக ஒரு பந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் பந்து இல்லை. ஆரஞ்சுப் பழ அளவில், கண்ணாடி போலத் தெளிந்த, கையில் எடுத்தால் கனக்கிற அக்ரிலிக் பந்து. அதை வீசிப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வழியாகப் புறங்கைக்கும், அங்கிருந்து முழங்கைக்கும் தோலை விட்டு விலகாமல் அது உருண்டு போக வேண்டும். காண்டாக்ட் ஜக்ளிங் என்று பெயர். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்து மடித்துவிட்டு வருகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவள் கணவன் ஃப்ரெடி கேட்டான். கடை, அடுப்படி, கோயில் என்று ஓடுகிற பிழைப்பில் தனக்கென்று ஒன்று வேண்டியிருக்கிறது என்பதை ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு எப்படிப் புரியவைப்பது? போனில் யாரோ ஒருத்தி ஆடுவதைப் பார்த்தாள், ஆசைப்பட்டாள், வாங்கிவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். எதிர்வீட்டு ஹில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினாள் பாருங்கள், அதுதான் பைத்தியக்காரத்தனம்.

ஹில்டாவும் அதே கடையில்தான் வேலை பார்க்கிறாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகவே மெட்ரோ ஏறுகிறவர்கள். ஹில்டா பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முதலில் விழுந்தது. அப்புறம் விழவில்லை. ஜானட் பல்லைக் கடித்து, பந்து விழுந்து கால் கட்டைவிரல் நகம் கறுக்கும்வரை பழகியதை இவள் கடை சூப்பர்வைசரைப் பற்றி வம்பு பேசிக்கொண்டே செய்தாள். ஜானட் பழகினால் கீழ்வீட்டிலிருந்து இடிச் சத்தம் என்று சண்டைக்கு வருவார்கள். ஹில்டா பழகினால் மாடியில் ஆள் இருப்பதே தெரியாது. போகப் போக, பந்து அந்தரத்தில் அப்படியே நிற்க, கைகள் மட்டும் அதைச் சுற்றி வருவது மாதிரிகூடச் செய்யத் தொடங்கிவிட்டாள்.

ஜானட்டுக்கு வயிறு எரிந்தது. வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம், பொறாமைதான். பந்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவி காணோம் என்றாள். சாவி கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று ஹில்டா சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது. போதாததற்கு ஒருநாள் சாப்பிடும்போது ஃப்ரெடி, "ஹில்டா கையில அது உசுரோட கீற மாதிரி கீது, இல்ல?" என்றான். அன்றைக்கு அவனுக்கு மீன்குழம்பில் வால்துண்டுதான் விழுந்தது.

கோயில் திருவிழா வந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழுவை அங்கே அன்பியம் என்பார்கள். திருவிழா மேடையில் ஒவ்வொரு அன்பியமும் ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும், ஒன்றே ஒன்றுதான். இந்தத் தடவை எல்லாரையும் போலக் கும்மி வேண்டாம், பந்து ஆடலாம் என்று தலைவர் இக்னேஷியஸுக்குத் தோன்றியது. அவரே வந்து கேட்டதும் பீரோ சாவி கிடைத்துவிட்டது. மாடியேறி வந்து இருவர் ஆடுவதையும் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜானட் மனதுக்குள் புடவைகூட எடுத்துவிட்டாள். மேடையில் தான் நிற்பதை, தெருவே அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு தடவையாவது, பார்க்கப்படுகிறவளாக இருக்க ஆசை.

"ஹில்டாவே ஆடட்டும்மா," என்றார் இக்னேஷியஸ். பிறகு ஜானட் பக்கம் திரும்பினார். "பந்து உன்னுதுதானே? அத்த மட்டும் குடுத்துடு."

கொடுக்கிறேன் என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

அந்தத் தெருவில் ஒரு பழக்கம். பரீட்சையோ, ஆபரேஷனோ, முதன்முதலாகக் கடலுக்குப் போவதோ, பெரிய காரியம் எதுவானாலும் வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார்கள். அதை யாரும் துடைக்க மாட்டார்கள். மாதாவின் எண்ணெய், தானாகக் காய வேண்டும். இன்னொன்றும் ஜானட்டுக்குத் தெரியும். எண்ணெய்ப் பசை பட்டால் பந்து கையில் நிற்காது. அதற்காகவே இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.

திருவிழா மாலை, மேடைக்குப் பின்னால் எல்லாரும் கூடி நின்றபோது ஜானட் கைப்பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். ஹில்டாவின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டாள். பிறகு பந்தின் மேலும் போட்டாள். ஒரு சொட்டு போதாதென்று இன்னும் கொஞ்சம் ஊற்றி, ஜெபம் முணுமுணுத்தபடி பந்து முழுக்கத் தடவிவிட்டாள். என்ன பக்தி என்று இக்னேஷியஸ் கைகூப்பினார். ஹில்டா பந்தைப் பார்த்தாள், ஜானட்டைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு மேடையேறினாள். பந்து கீழே விழப்போவதைப் பார்க்க ஜானட் முன்வரிசைக்கு நகர்ந்தாள்.

ஹில்டா பந்தை உருட்டவில்லை. மைக்கைப் பிடித்தாள்.

"இத்த எனக்குக் கத்துக்குடுத்தது ஜானட்டு. பந்தும் அவளுது. மொதல்ல அவ ஆடட்டும்."

கூட்டம் கைதட்டியது. ஃப்ரெடி விசில் அடித்தான். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ள, ஜானட் மேடைக்கு வந்துவிட்டாள். விளக்கு, கூட்டம், அண்ணாந்த முகங்கள், எல்லாம் அவள் ஆசைப்பட்டபடியே இருந்தன. உள்ளங்கையில் பந்து வழுக்கியது. துடைக்க முடியாது. சிலுவை போட்டதே அவள்தான், தெருவே பார்த்திருக்கிறது. புறங்கைக்கு உருட்டினாள். அது அங்கே நிற்காமல் மணிக்கட்டில் வழிந்து பலகையில் இடித்து விழுந்தது. எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பந்தலெல்லாம் பரவியது.

ஹில்டா குனிந்து எடுத்தாள். தன் முந்தானையால் பந்தைத் துடைத்தாள். கூட்டம் பார்க்கப் பார்க்க, திருப்பித் திருப்பி, அழுத்தித் துடைத்தாள். ஜானட்டின் இரண்டு கைகளையும் இழுத்து அதே முந்தானையால் துடைத்தாள். பந்தை அவள் கையில் வைத்து, மைக்குக்குக் கேட்காத குரலில், "மாதா கோச்சிக்க மாட்டாங்க. ஆடு," என்றாள்.

ஜானட் ஆடினாள். ஏதோ கொஞ்சம், விழாமல் ஆடினாள். மரியாதைக்குக் கைதட்டினார்கள். அப்புறம் ஹில்டா ஆடினாள். பந்து அந்தரத்தில் நின்றது. ஃப்ரெடி வாயைத் திறந்தபடி நின்றான்.

ஓரமாக நின்ற ஜானட் பந்தைப் பார்க்கவில்லை. ஹில்டாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் துடைத்துக் கொடுத்தாள். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டோம் என்று ஜானட்டுக்குத் தெரியும். கைதான் அப்படி வாய்த்தது என்றால் மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா? அதற்கும் வயிறு எரிந்தது.

விளக்கு வெளிச்சத்தில் ஹில்டாவின் முந்தானை தெரிந்தது. திருவிழாவுக்கென்று இருவருமாகக் கடையில் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் படர்ந்திருந்தது. பட்டில் ஏறிய எண்ணெய்க் கறை லேசில் போகாது என்று நாளெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறவர்கள் அவர்கள் இருவரும்தான்.