டேப் தொங்கும் கழுத்து

டெய்லர் மாஸ்டருக்குத் தன் கத்தரியைவிடத் தன் மூக்கின்மேல்தான் பெருமை அதிகம். முப்பது வருஷமாக அடுத்தவர் கழுத்தையும் அக்குளையும் அளந்த மனுஷர். ஒருவன் கையைத் தூக்கினால் போதும், அவன் குளித்தது இன்றா நேற்றா என்று சொல்லிவிடுவார். குளித்தானா, உடம்புக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டு மட்டும் வந்தானா என்பதுகூடத் தெரிந்துவிடும்.

"மூஞ்சிய மட்டும் தேச்சா ஆச்சா? காதுக்குப் பின்னாடி பாத்தியா, பாசி புடிச்ச தொட்டி மாதிரி இருக்கு. உவ்வே!" என்பார், வாடிக்கையாளர் படியிறங்கியதும், துணி வெட்டுகிறவரிடம். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் காறித் துப்புவார்.

அப்பேர்ப்பட்டவருடைய கடைக்குள்ளேயே ஒரு மாதமாக ஒரு நாற்றம் குடியேறியிருந்தது. ஊறவைத்து மறந்துபோன துணியின் நாற்றம், அதற்குள் காறிப்போன எண்ணெயின் வாடை. மாஸ்டர் எங்கே நின்றாலும் அங்கே வந்தது. தையல் மிஷின்களுக்கு அடியில் செத்த எலியைத் தேடினார். வெட்டுத்துணி மூட்டையைக் குப்பையில் கொட்டினார். தரையெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவினார். மூன்று நாள் கடை பினாயிலாக நாறியது, நாலாம் நாள் பழைய கதைதான். அளவு கொடுக்க நின்றவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் நாற்றத்துக்குத் தாங்களே வெட்கப்படுகிறார்கள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் சந்தேகம் இஸ்திரிக்காரம்மா மேல் விழுந்தது. அவள் மூலையில் எப்போதும் ஈரம், ஆவி, வியர்வை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சூட்டில் நிற்கிறவளுக்கு வேர்க்காமல் என்ன செய்யும்? அதெல்லாம் மாஸ்டர் மண்டையில் ஏறவில்லை. அவள் புருஷன் இடுப்பொடிந்து படுத்துக் கிடப்பதும், இந்தக் கடைச் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிகிறது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் சொன்னார்.

"யம்மா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நாத்தம் தாங்கல. குளிக்கிறவங்க ஒழுங்கா குளிக்கணும். எட்டாத எடத்துலயும் கைய விட்டுத் தேய்க்கணும். சொல்றதுக்கே அசிங்கமா இருக்கு."

துணி வெட்டுகிறவரும் இரண்டு வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் செத்துப்போனது.  பிறகு ஆணியில் தொங்கிய ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்து, காலரில் தண்ணீர் தெளித்து, சூடான பெட்டியை வைத்து அழுத்தினாள்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கூடவே அந்த நாற்றம். ஒரு மாதமாகக் கண்ணாமூச்சி காட்டிய அதே நாற்றம், இப்போது சுடச்சுட. மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரு சட்டை அது? அவனெல்லாம் மனுஷனா? தூக்கி வெளிய போடு மொதல்ல!"

"உங்களோடதுதான் மாஸ்டர். பெரிய ஆளுங்க வந்தா போட்டுக்கறதுக்குன்னு வச்சிருக்கீங்களே, அது. ரெண்டு மாசமா மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் இதத் தேய்க்கிறேன்."

துணி வெட்டுகிறவர் அவசர அவசரமாக ஒரு மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். அதில் துணியே இல்லை. இஸ்திரிக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று கையை விலக்கினார். பிடரியில் படிகிற நடுப்பகுதி, ஒரு சாண் நீளத்துக்கு, எண்களே தெரியாமல் பழுப்பேறிப் பிசுபிசுத்தது. காலையிலிருந்து எட்டுப் பேர் கழுத்தைச் சுற்றி இதைத்தான் போட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு தோள்பட்டையும் இறுகிப்போயின. கை முன்பக்கம் வேலை செய்யும், பின்பக்கம் வளையாது. ஷவரைத் திறந்துவிட்டு அடியில் நின்றால் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார். மனைவியை உதவிக்குக் கூப்பிடக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து எடுத்துவந்த மரஸ்கேலோடு வீட்டுக் குளியலறைக்குள் போனார். நுனியில் துண்டைச் சுற்றி, சோப்பைத் தடவி, தோளுக்கு மேலாக விட்டுத் துழாவினார். வெளியே எடுத்துப் பார்த்தால் துண்டில் கறுப்பாக, உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தது. இது தன் உடம்பிலிருந்தா வந்தது? சீ! அடுத்தவன் அழுக்கென்றால் துப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். இதை விட்டு எங்கே நகர்வது? மறுபடி விட்டதில் ஸ்கேல் வழுக்கி ஷாம்பு பாட்டிலைத் தட்டிவிட்டது.

"என்னங்க அங்க சத்தம்?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"கொஞ்சம் உள்ள வா. முதுகு... தேச்சு விடு."

அவள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். கக்கூஸ் கழுவ எடுக்கிற கையுறை அது. பேசாமல் தேய்த்தாள். அவர் காலடியில் ஓடிய தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருந்தது.

"நீ ஹால்ல போய்ப் படுக்கறது வெக்கைக்காக இல்லையா?"

"மழைக்காலத்துல என்னங்க வெக்கை?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு வாட்டி சொன்னேன். என் மூக்குக்குத் தெரியாத நாத்தமான்னு மூணு வாட்டியும் சண்டைக்கு வந்தீங்க."

மாஸ்டருக்குத் தன் உடம்பைத் தானே கழற்றி எறிந்துவிட்டு ஓடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் இஸ்திரிக்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். "நான் பேசினது தப்புதாம்மா. வேலைக்கு வா."

"நேத்து நாலு பேர் முன்னாடிதான பேசினீங்க? அந்த மாதிரி நாலு பேர் இருக்கும்போது வர்றேன். அப்பச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னபடி பதினோரு மணிக்கு வந்தாள். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மாஸ்டர் எல்லோரும் கேட்கும்படி, "நாத்தம் இந்தம்மா மேல இல்ல. என் மேலதான்," என்றார்.

"குனிங்க மாஸ்டர்," என்றாள் அவள்.

குனிந்தார். மாஸ்டர் மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே, அவள் ஒற்றை விரலால் காலரைத் தூக்கி, மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மிஷின்கள் நின்றிருந்தன.

"பிடரி பரவால்ல. காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் காறித் துப்பினாள். பிறகு தன் மூலைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள்.