கையா, கண்ணா?

மாப்பிள்ளை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

கல்லூரிக் கட்டடத்தின் மொட்டை மாடி. வெளிப்புறக் கண்ணாடி துடைக்க இறங்குகிறவன் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார வேண்டும். சுவரைத் தாண்டி உட்காரும்போது பலகை ஒரு தடவை சாயும். அப்போது ஆளைப் பிடிப்பது காவல் கயிறு ஒன்றுதான். அதன் கொக்கியை பெல்ட்டின் பின்பக்க வளையத்தில் மாட்டுவது மேலே நிற்பவன் வேலை; தன் முதுகு தனக்குத் தெரியாதே. மாட்டியதும் இறங்குகிறவன், "கையா, கண்ணா?" என்று கேட்பான். இழுத்துப் பார்த்தாயா, வெறுமனே கண்ணால் பார்த்தாயா என்று அர்த்தம். "கை" என்று பதில் வந்தால்தான் காலைத் தூக்குவான். இந்த வழக்கத்தை உண்டாக்கியவனே, இன்று மேலே நிற்கும் முடிச்சுதான். கயிறு கட்டுவதில் கில்லாடி என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தன் தங்கை புருஷனான இந்த மாப்பிள்ளையை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்து பழக்கியதும் அவன்தான்.

இன்று கேள்வி வரவில்லை. காலையிலிருந்தே இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நேற்று தங்கை கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சுண்ணே" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்லத் துப்பில்லாதவள். சின்ன வயதில் சர்க்கரையைத் தின்றுவிட்டு, உதட்டைக்கூடத் துடைக்காமல் இல்லவே இல்லை என்பாள். இது மாப்பிள்ளையின் கைவரிசைதான் என்று முடிச்சுக்குப் புரிந்துவிட்டது.

கொக்கி 'ணக்' என்று மூடிய சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை நடந்துபோய் ஒரு காலைச் சுவருக்கு வெளியே போட்டான். அப்போதுதான் முடிச்சு பார்த்தான். கொக்கி வளையத்தில் இல்லை. பக்கத்தில், வாளி தொங்கவிடும் துணிப்பட்டையில் கிடந்தது. ஆள் கனத்துக்கு அந்தப் பட்டை நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் அவன் கை தப்பியதே இல்லை. தப்பியதா, தானாகவே போய் மாட்டியதா? அவனுக்கே விளங்கவில்லை.

நேற்று இதே கட்டடத்தில் அவன் தொங்கிக்கொண்டு துடைத்தபோது, திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு டீச்சரம்மா பாடம் நடத்துவது காதில் விழுந்தது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும், யோசிக்கவே நேரம் இருக்காது, ஆகவே மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்றாராம் பழைய காலத்து ஞானி ஒருவர். இல்லை, மனிதன் கோணல் மரம், நீராவி காட்டி வளைத்துத்தான் நேராக்க வேண்டும் என்றாராம் இன்னொருவர். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "விழப்போறது குழந்தை இல்ல மேடம், நமக்குக் கெடுதல் பண்ணவன்னா?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பதிலுக்காக முடிச்சு ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கினான்.

இப்போது மாடியில் வேறு ஈ காக்காய் இல்லை. கை தவறிவிட்டது என்று அழுதால் ஊரே நம்பும். தங்கைகூட நம்புவாள். கத்த வேண்டும் என்று நினைத்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தன்னை நினைத்தே அவனுக்குப் பயம் வந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே வீங்கிக்கிடந்த அந்த விரல்கள் கண்ணுக்குள் வந்து நின்றன.

மாப்பிள்ளை இரண்டாவது காலைத் தூக்கினான்.

எப்படிப் பாய்ந்தான் என்று முடிச்சுக்குத் தெரியாது. பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, இருவரும் தளத்தில் உருண்டார்கள். வாளி கவிழ்ந்து சோப்புத் தண்ணீர் ஓடியது.

மாப்பிள்ளை பெல்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். கொக்கி இருந்த இடம் விரலில் பட்டதும் முகம் வெளிறிவிட்டது.

"எப்பப் பாத்தீங்க மச்சான்?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டது?

"நீ மொதல் கால வெச்சப்பவே."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"அவ கைய ஒடச்சது நீதானே?" என்றான் முடிச்சு.

மாப்பிள்ளை தன் வலது உள்ளங்கையை விரித்து, யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெல்ட்டை அவிழ்த்து நீட்டினான்.

"நீங்க எறங்குங்க. நான் மாட்டுறேன்."

அவன் கண்ணில் இருந்தது வெட்கமா, வன்மமா என்று முடிச்சால் படிக்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பினான். பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். கொக்கி 'ணக்' என்று மூடியது.

சுவரருகே போனான். கீழே மணி அடித்து, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"கையா, கண்ணா?"

கேட்டவன், பதிலுக்கு முன்பே ஒரு காலை வெளியே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி காத்திருந்தான். சோப்புத் தண்ணீர் மெல்ல ஓடிவந்து அவனுடைய மற்ற காலை நனைத்தது.