அவளுக்குப் பதில் அவன்

மலேசியாவின் உலு திராமில், அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கி மறுபடியும் பழுதாகிக் கிடந்தது. சந்தையில் வாங்கிய கீரையும் மீனும் கையில் தொங்க, யோகேஸ்வரி படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். இழுத்த மூச்சு தொண்டையோடு நின்றது. உள்ளே இறங்க மறுத்தது. மேலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டு ஷாமளா, கொஞ்சம் எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் திருப்பிச் சொல்லவும் யோகேஸ்வரியிடம் மூச்சு இல்லை.

நாற்பதைத் தொடாத வயது. இரண்டு வருடங்களாக இதே பாடுதான். ஒரு கிளினிக்கில் இரத்தச்சோகை என்றார்கள், இன்னொன்றில் ஆஸ்துமா என்றார்கள். தொழிற்சாலை சூப்பர்வைசர் சோம்பேறி என்றே முடிவு கட்டி, கடைசியில் வேலையை விட வைத்தார். ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்குப் போனபிறகுதான் உண்மை தெரிந்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் குறுகி, அங்கே அழுத்தம் ஏறியிருந்தது. கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிரஷர் அல்ல அது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

அங்கே ஓர் ஆய்வில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கமான மருந்தோடு புதிதாக ஒரு மாத்திரை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு; அவளுடையது எது என்று அவளுக்கும் தெரியாது, கொடுப்பவர்களுக்கும் தெரியாது. கூடவே கைப்பேசி வழியாகப் பயிற்சி. தினமும் காலையில் உடம்பைப் பற்றிக் கேள்விகள் வரும்; பதிலைப் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு நடக்கலாம் என்று செய்தி வரும். வாரம் ஒருமுறை, நோயாளிகள் மிஸ்ஸி என்று கூப்பிடும் ஆஸ்பத்திரித் தாதி செல்வராணி அழைத்து விசாரிப்பார். யோகேஸ்வரியின் பழைய கைப்பேசியில் அந்தச் செயலி ஓடவில்லை என்பதால், கணவன் தீபனுடையதில் போட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

தீபன் கெட்டவன் அல்ல. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிறவன். எல்லைப் பாலத்து நெரிசலில் அவன் சிக்கி நிற்கும்போது கேள்விகள் வரும். தலை சுற்றுகிறதா? இல்லை. கால் வீங்கியிருக்கிறதா? இல்லை. அவனே அழுத்திவிடுவான். கோளாறு என்று சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று எவனோ சொன்னது அவன் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. அந்த மாத்திரைதான் அவளைப் பிழைக்க வைக்கும் என்று நம்பினான். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்ற நினைப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது. செல்வராணி அழைத்தாலும், அவள் நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான்.

நன்றாக இருப்பவளுக்கு நடையைக் கூட்டுவதுதானே முறை? வாரா வாரம் கூட்டினார்கள், அதைத் தீபன் அவளிடம் சொன்னான்.

"கால் வீங்குது, நடந்தா கண்ணு இருட்டுதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"சொல்லியாச்சு லா. அவங்களுக்குத் தெரியாததா? நடக்கச் சொல்றாங்க, நட."

அவள் நம்பினாள். எல்லாம் தெரிந்தும் இப்படி விரட்டுகிறார்களே என்று முகம் தெரியாத அந்தக் கைப்பேசிக்காரர்கள் மேல் ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் படித்தவர்கள் சொல்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு காலையில், குடியிருப்புக்கு முன்னால் உள்ள திடலைச் சுற்றும்போது கண் இருட்டிக் கீழே விழுந்தாள். ஷாமளாதான் பார்த்து ஓடிவந்து ஆம்புலன்ஸை அழைத்தாள்.

மாலையில் செல்வராணி வார்டுக்கு வந்தார். தீபன் கட்டிலருகே நின்றிருந்தான். யோகேஸ்வரி ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கினாள்.

"மிஸ்ஸி, தலை சுத்துது, கால் வீங்குதுன்னு இவர்கிட்ட சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தேனே. அதக் கேட்டும் நட நடன்னு விரட்டினீங்க. நீங்கெல்லாம் மனுஷங்கதானா?"

செல்வராணி திகைத்துப்போனார். "அக்கா, ஒரு தடவகூட அப்படிப் பதில் வரலையே. நல்லா இருக்குன்னுதான் வந்துச்சு. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்கள வரச் சொல்லியிருப்போம்."

யோகேஸ்வரி மெல்லத் திரும்பித் தீபனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி, மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படிச் செய்துவிட்டதாக முணுமுணுத்தான்.

செல்வராணிக்கும் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டார். நிறுத்தினாலும் அது உயிரைக் காப்பாற்றத்தான், மற்ற மருந்துகள் நிற்காது என்று விளக்கினார். பொய்யான பதிலை நம்பினால் இந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று தங்களுக்கும் தெரியாது, நாளைக்கு இதே நோயோடு வருகிறவர்களும் ஏமாந்துபோவார்கள் என்றார்.

யோகேஸ்வரி அழவில்லை. "கிளினிக்ல நான் சொன்னத யாரும் கேக்கல. வேலையிலயும் கேக்கல. கடைசியில கேக்கிறதுக்குன்னே ஒரு இடம் கெடச்சுது. அங்கயும் என் வாய நீங்க மூடிட்டீங்க" என்றாள்.

நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. ஆய்வு மருத்துவர்கள் கலந்து பேசி அவளைத் தொடர விட்டார்கள், நடையை மட்டும் வெகுவாகக் குறைத்தார்கள். தீபன் அவளுக்கென்று ஒரு கைப்பேசி வாங்கி வந்தான். அவள் வாங்கிக்கொண்டாள், முகம் மட்டும் மலரவில்லை.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர், அவள் எப்படி இருக்கிறாள் என்று பழக்கதோஷத்தில் தீபனிடம்தான் மலாயில் கேட்டார். செல்வராணி பக்கத்தில் இருந்தார். தீபன் வாயைத் திறந்தான், பிறகு செல்வராணியின் பக்கம் திரும்பினான்.

"அவளையே கேக்கச் சொல்லுங்க மிஸ்ஸி. நோவு அவ உடம்புல. பதிலும் அவ வாயில இருந்துதான் வரணும். நடுவுல பூந்து பேசி அவள சாகக் கொடுக்கப் பார்த்தேன்."

மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். யோகேஸ்வரியின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"சொல்றேன் மிஸ்ஸி, எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள். "நோயாளியோட நோவ நோயாளிகிட்டதான் கேக்கணும். இத நீங்கெல்லாம் தெரிஞ்சுக்க நான் விழுந்துதான் காட்டணுமா?"