ஒன்றரை ரூபாய் சுவிட்சு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கோதண்டராமன், எழுபத்தொன்பதாம் வருஷம் முதல் தன்னை விஞ்ஞானி என்று அழைத்துக்கொண்டார். வேறு யாரும் அழைக்காததால் லெட்டர்பேடிலும் அச்சடித்து வைத்தார்.

ஆனால் மனுஷர் வேலை தெரிந்தவர்தான். கப்பலில் வேலை பார்த்த மச்சினன் கொண்டுவந்த உதிரி சாமான்களை வைத்து, வீட்டு டி.வி.யில் மாட்டினால் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துவிட்டார். பெயர் கோதண்டா-1. விலை இரண்டாயிரத்து எண்ணூறு. ஏழு விற்றது. அதில் ஒன்றை வாங்கியவள் கோவளத்தில் டியூஷன் எடுக்கும் ரெபேக்காள் டீச்சர். ஆறு மாதம் உட்கார்ந்து நூற்று நாற்பது கணக்குகளை அடித்து, கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். மெஷின் போன மழையில் உயிரை விட்டது. கேசட் மிஞ்சியது.

அதற்குள் கோதண்டா-2 வந்துவிட்டது. விலை நாலாயிரத்து ஐந்நூறு. நாலு நிமிஷம் எடுத்துக்கொண்ட கேசட்டை ஒரே நிமிஷத்தில் படிக்கும். வேகத்தைக் கூட்டியதில் பழைய கேசட் ஓடாமல் போனது. பழைய வேகத்துக்கு மாற்ற ஒரு சுவிட்சு வைத்தால் போதும், விலை ஒன்றரை ரூபாய். அதை வைக்க மெஷின் முகப்பில் இருந்த ஒரே இடத்தில் கோதண்டராமன் தன் பெயரைப் பித்தளையில் பொறித்து ஒட்டியிருந்தார். சுவிட்சு போயிற்று, பெயர் நின்றது. 'பழைய கேசட்டுகள் யாவும் ஓடும்' என்ற நோட்டீஸ் மட்டும் முன்னமே அச்சாகியிருந்தது.

அதை நம்பி ரெபேக்காள் வளையலை அடகு வைத்துப் பணம் முழுக்கக் கட்டினாள். கடையிலேயே கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். திரை முழுக்கக் கிறுக்கல்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு நின்றார்கள். கோதண்டராமன் கேசட்டை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தார்.

"உப்புக் காத்து, டீச்சரம்மா. கோவளத்துல சைக்கிள் செயினே ரெண்டு மாசம் தாங்காது. டேப்பு தாங்குமா?"

அவளுக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அவள் வீட்டில் துருப்பிடிக்காத சாமான் கிடையாது.

"ஆமா சார். நான்தான் பத்திரமா வெச்சிக்கல."

கோதண்டராமன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் மனைவி வசந்தா சோற்றைப் போட்டபடியே கேட்டாள்: "காத்துல உப்பு கீது, சரி. உங்க வாயில இன்னா கீது?"

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் கோதண்டா-2-க்கு முறையான வெளியீட்டு விழா. அதிகாரி ஒருவர் வந்து, கம்ப்யூட்டரை டைப்ரைட்டர் என்று மூன்று முறை பாராட்டி, சால்வை போர்த்தினார். அப்போது பின்வரிசையிலிருந்து ரெபேக்காள் எழுந்தாள். கையில் வளையல் இல்லை. கக்கத்தில் ஒரு பால் பவுடர் டின்.

"சார், ஒரு வார்த்த. என் கேசட்டு ஓடலன்னு எங்க பக்கம் கண்டபடி பேசிகினு கீறாங்க. சார் மேல தப்பே இல்ல. எங்க கடல்காத்து அப்டி. அரிசிக்குள்ள பொதச்சா ஈரத்த இழுத்துக்கும்னு பொம்பளைங்க இந்த டின்னுல ஆளுக்கு ஒரு புடி அரிசி போட்டாங்க. அப்பவும் ஓடல. பரவால்ல, நூத்தி நாப்பதயும் மறுபடி அடிச்சிக்கறேன்."

ஹாலே கை தட்டியது. சால்வை கோதண்டராமனுக்குக் கம்பளியாய்ச் சுட்டது. மைக்கைப் பிடித்தார்.

"தப்பு என்னுது."

"பெரிய மனுஷன்! என்னா அடக்கம்!" என்று அதிகாரி இன்னும் பலமாகக் கை தட்டினார்.

"அடக்கம் இல்ல சார், பொய்யி. பழைய கேசட்டு இதுல ஓடாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். காத்து மேல பழியப் போட்டேன்."

கை தட்டல் நடுவில் அறுந்தது. அதிகாரி காபி வருகிறதா என்று வாசல் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

ரெபேக்காள் டின்னைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்தாள். ஒட்டியிருந்த அரிசியை விரலால் தட்டிவிட்டாள்.

"அப்ப இது நல்லாத்தான் கீதா, சார்?"

"கீது."

"அப்ப இந்த அரிசிய இன்னிக்கே ஒலையில போட்டுடலாம்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கடையில் அவளை உட்காரவைத்துவிட்டு, கோதண்டராமன் அவள் மெஷினில் இருந்த பித்தளைப் பெயரின் நட்டநடுவில் துளை போட்டார். பித்தளைச் சுருள் சுருளாகப் பெயர் மேஜையில் உதிர்ந்தது. சுவிட்சை மாட்டிக் கேசட்டைப் போட்டார். நாலு நிமிஷம். அவ்வளவு நீளமான நாலு நிமிஷத்தை எந்த மெஷினும் அவருக்குக் காட்டியதில்லை. பிறகு முதல் கணக்கு திரையில் வந்து நின்றது.

"சுவிட்சு எவ்ளோ சார்?"

"அய்யோ, அதெல்லாம் வேணாம் டீச்சரம்மா..."

"எவ்ளோன்னு கேட்டேன்."

"ஒன்னர ரூபா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாயும் எட்டணாவும் எடுத்து, அந்தப் பித்தளைத் தூள் மேலேயே வைத்தாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு கோவளம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தக் காசை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றியே துடைத்தார்.