கிளையில் இருந்தவன்

அஸ்வின் பாடும் ராப்பில் எப்போதும் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், கண்ணாடிக்குள் சிரிக்கிற முகம் என்று தமிழும் இந்தியும் கலந்து எழுதுவான். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு அப்பிக்கொண்டு மேடையேறுவான். அந்தத் தீவு நகரத்தின் லம்பா லைன் பகுதியில் மொபைல் ரிப்பேர் செய்கிற சாதுப் பையன்தான் இவன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவனுக்கு இசை போட்டுத் தந்தவன் பிரேம். ஜங்லிகாட்டில் ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே வீடு. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி ஓர் அறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். அவன் அம்மா தனபாக்கியம் அடுத்த அறையில் தையல் மெஷின் ஓட்டுவாள். ரெக்கார்டிங் என்றால் மெஷினை நிறுத்திவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவாள்.

பிரேமுக்கு ஓர் அண்ணன் இருந்தான், அன்பழகன். பிரேம் சின்னப் பையனாக இருந்தபோது, நண்டு பிடிக்க உப்பங்கழிக்குப் போன அண்ணனை முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தனியாகத்தான் போனான் என்று எல்லோரும் சொன்னார்கள். அஸ்வினுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

முதலையே பேசுவதுபோல ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று அஸ்வினுக்கு வெகுநாள் ஆசை. தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"உங்க அண்ணன் விஷயம் இல்லடா. பொதுவா ஒரு முதலை. உனக்குக் கஷ்டம்னா விட்டுரலாம்."

"சலோ, பாட்டுதானே. எழுது" என்றான் பிரேம்.

எழுதினான். இரண்டாவது சரணத்தில் முதலை தலையைத் தூக்கிப் பார்த்துப் பாடும்:

*கீழே ஒருத்தன் என் வாயில, மேலே ஒருத்தன் கிளையில,*
*கத்தலையே தம்பி நீ, ஏன் கத்தல அந்த வேளையில?*

ரெக்கார்டிங் முடிந்ததும் பிரேம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இந்தக் கிளையில இருக்கறவன் யாருடா?"

"யாரும் இல்ல. சாகறதக் காட்டினா மட்டும் பயம் வராது பாய். அதை ஒருத்தன் சும்மா பாத்துட்டு நிக்கணும். அப்பத்தான் வரும்."

பிரேம் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அந்த வரிக்குப் பின்னால் இசையை நிறுத்தி, தண்ணீர் அலம்புகிற ஓசையை மட்டும் விட்டது அவன்தான். அஸ்வின் அவன் தோளில் தட்டி, "ஏக்தம் பயங்கரம்டா!" என்று குதித்தான். பிற்பாடு அந்தக் குதியை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

பாட்டு தீவு முழுக்கப் பரவியது. ஆட்டோவில் ஓடியது, கப்பலுக்குக் காத்திருக்கிற பையன்கள் போனில் ஓடியது. ஒருநாள் பிரேமின் போன் அணைந்துபோனது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அஸ்வின் ஜங்லிகாட் போனான். தனபாக்கியம் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கப்பலேறி ஹட் பே தீவுக்குப் போயிட்டான், எங்க அண்ணன் அழகையா வீட்டுக்கு" என்றாள். "ஜாக்கெட் வாங்க வந்த பொண்ணு போன்ல உன் பாட்டு ஓடிச்சு. சோறு போடறப்ப, 'யாருடா இதுல வர்ற தம்பி?'ன்னு சும்மாதான் கேட்டேன். தட்டைத் தள்ளி வெச்சுட்டு அழுதான் பாரு... அவனும் கூடப் போயிருக்கான் தம்பி. மரத்து மேலதான் இருந்திருக்கான்."

அஸ்வின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நானா இட்டுக்கட்டினேன்."

"தெரிஞ்சா எழுதியிருப்பியா நீ?" அவள் துணியை நீவிவிட்டாள். "பச்சப் புள்ள, அவன் என்ன பண்ணியிருக்க முடியும்? அன்னிக்கே சொல்லியிருந்தா கட்டிப் புடிச்சிருப்பேன். இத்தனை வருசம் என் எதிர்ல உக்காந்து சோறு தின்னிருக்கான், எனக்குத் தெரியலையே."

அஸ்வின் எழுந்தபோது அவள் கூடவே வாசல்வரை வந்தாள்.

"தம்பி, அந்தப் பாட்டுல ஒரு வரி மாத்த முடியுமா? மேல இருந்தவன் கத்தினான்னு போடேன். கத்திக் கத்திக் கூப்பிட்டான், யாருக்கும் கேக்கலன்னு."

"போடறேம்மா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தன் சேனலிலிருந்து பாட்டை எடுத்தான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஊரெல்லாம் நகல் இருந்தது. புது வரியை எழுதினான். எதுகை சுலபமாகவே விழுந்தது. ஆனாலும் பிரேமைக் கேட்காமல் பாட மனசு வரவில்லை. அழகையாவின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டான். பிரேம் லைனுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டான். அம்மா கேட்டதைச் சொன்னான்.

"போடாதடா. நான் கத்தல. வாயைத் தொறந்தேன், சத்தமே வரல. நீ எழுதினதுதான் சரி."

அதற்குப் பிறகு அஸ்வின் மேடையேறவில்லை. ஜங்லிகாட் மார்க்கெட்டில் எப்போதாவது தனபாக்கியம் எதிரே வருவாள். மீன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நிற்பாள்.

"எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டிருக்கேம்மா."

"அவசரமில்ல. நல்லா எழுது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.