ரோசிலி கொடுத்த பூச்செடி

"சேச்சீ, ஓடி வாங்க! எக்சைஸ்காரங்க எங்க வீட்டுக்காரரை ஜீப்புல ஏத்துறாங்க!"

பக்கத்து வீட்டு லில்லி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்று அலறினாள். ரோசிலி தையல் மெஷினை விட்டு எழுந்தாள்.

"குடிச்சிட்டு ஏதாவது வம்பா?"

"இல்ல சேச்சி, பூவுக்காம்! நீங்க கொடுத்த பூவுக்காம்!"

ரோசிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுக்கியின் அந்த மலைச்சரிவில் அவள் செடி போகாத வீடு இல்லை. போன வருஷம், குருமாவுக்கு வாங்கிய கசகசாவில் பூச்சி விழுந்ததென்று வாழைக்கடியில் கொட்டினாள். அது முளைத்து, வெள்ளையும் ஊதாவுமாகப் பட்டுத்துணி கசங்கினாற்போல் பூத்தது. காயை உலர்த்தி விதையெடுத்து, இந்த வருஷம் காகிதப் பைகளில் விதைத்து, ஊர் முழுக்கக் கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு எல்லா முற்றமும் பூத்து நிற்க வேண்டுமென்று ஆசை.

ஓடிப்போய்ப் பார்த்தால், லில்லி வீட்டு முற்றத்தில், கள்ளச்சாராயமும் கஞ்சாவும் பிடிக்கிற எக்சைஸ் ஆபீசர் சுகதன் கையில் வேரோடு பிடுங்கிய செடி.

"அபின் செடி இது. வளர்த்தா வருஷக்கணக்கா உள்ள கிடக்கணும்."

"ஐயோ சாரே, அது கசகசா! குருமாவுக்குப் போடுறது!"

"அந்தக் கசகசா இந்தச் செடியிலதான் சேச்சி காய்க்குது."

ஜீப்புக்குள் இருந்து லில்லியின் புருஷன் குரியச்சன் கத்தினான்: "காத்துல வந்து முளைச்சதுன்னு சொல்லிட்டேனே சாரே! சேச்சி, நீங்க வீட்டுக்குப் போங்க!"

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அவன் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவனை இறக்குங்க சாரே. விதைச்சது நான்."

"வேற யாருக்குக் கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"சர்ச்சுல பாதிரியார் அச்சனுக்கு, கன்னியாஸ்திரீ மடத்துக்கு..." அவள் சுகதனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க ஆபீஸ் வாசல்லயும் ரெண்டு வரிசை. இன்னும் மொட்டு விடல. தண்ணி ஊத்துனதே நீங்கதான் சாரே."

சுகதன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். "ஈஸ்வரா," என்று ஜீப்பின் மேல் சாய்ந்துவிட்டார்.

குரியச்சனை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு முற்றமாக இறங்கி, அவளே தன் கையால் எல்லாவற்றையும் பிடுங்கினாள். மடத்துத் தாயார் விஷயம் கேட்டு, சிலுவை போட்டபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் எல்லாம் தீயில் போயிற்று. மேலதிகாரி வந்து விசாரித்து, தெரியாமல் செய்ததென்று எச்சரித்து அவளை விட்டுவிட்டார்.

"ஏன்டா என் பேரைச் சொல்லல?" என்று குரியச்சனிடம் கேட்டாள்.

"என் கிறிஸ்துமஸ் சட்டை உங்ககிட்டல்ல கிடக்கு? நீங்க உள்ள போயிட்டா யாரு தைக்கிறது?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.