செவிட்டுக்கல் இறங்கி வந்த வழி

நிலத்துக்காரர் பெரெக்ரின் ஸ்ட்ரூட்டர் வேலி போட்டு மலைப்பாதையை அடைத்த ஆறாவது வாரம், செவிட்டுக்கல் மலையை விட்டு இறங்கத் தொடங்கியது. இரண்டு ஆள் உயரம், இருபது டன் எடை. நாளொன்றுக்கு இருநூறு கஜம் வந்தது, மழை நாளில் கொஞ்சம் குறைவு. பாதையிலேயேதான் வந்தது, ஒரு வளைவைக்கூடக் குறுக்கே வெட்டவில்லை, ஒரு ஹெதர் செடியை மிதிக்கவில்லை. அது நகர்வதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தால் நாலடி தள்ளி நிற்கும். முதல் நாளே கிரிம்ஸ்வெயிட் ஊர் மொத்தமும் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக வேலியோரம் கூடிவிட்டது. லீட்ஸிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மலைநடைக்காரர்கள் மட்டும் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, வரைபடத்தில் போட்டிருக்கும் இடத்தில் கல் இல்லையென்று புகார்க் கடிதம் எழுதினார்கள்.

அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டபோது யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். எங்கள் ஊரில் வீடு பற்றி எரியும்போது போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், பரவாயில்லை, ஓடுது என்றுதான் சொல்வான். அப்படி அடக்கி வைத்ததையெல்லாம் ஒன்றரை மைல் ஏறிப்போய்க் கல்லிடம் தொண்டை கிழியக் கத்துவான். அதற்குக் காது கேட்காது என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை. ஒருவர் கத்தும்போது மற்றவர்கள் நூறு கஜம் கீழே, கற்சுவரோரம், முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்று வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாதிரியாரே அந்த வரிசையில் நிற்பதுண்டு.

வேலி வந்த மூன்றாம் வாரமே ஊர் கெட்டுப்போயிற்று. தபால் நிலையத்தில், பட்டப்பகலில், இரண்டு பேர் ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசிவிட்டார்கள். கறிக்கடை நோயல் கார்பட், இன்றைக்குத் தொடைக்கறி அவ்வளவு சரியில்லை என்று வாங்க வந்தவளிடமே சொல்லிவிட்டு அழுதார். எல்லோரையும்விட அதிகமாகத் தவித்தவள் வின்னி ஆக்ராய்ட். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே வாழ்க்கையைக் கழித்தவள். ஆஸ்திரேலியா போன மகனிடமிருந்து கடிதம் நின்றுபோன நாள் முதல் தினமும் ஏறிப்போய்க் கத்திக்கொண்டிருந்தாள். சுற்றுவழி ஒன்பது மைல். அவள் இடுப்பு மூன்றுக்கு மேல் தாங்காது. வழி போனால் அவளுக்குக் கல் போயிற்று; கல் போனால் அத்தனை சொல்லும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து அழுகவேண்டியதுதான். ஆகவே அவள்தான் அது பொதுப்பாதை என்று மனு எழுதி, விடாமல் எழுதி, விசாரணையை ஊருக்குக் கொண்டுவந்தாள்.

சட்டம் எளிமையானது. இருபது வருஷம் ஊர்மக்கள் ஒளியாமல், பூட்டை உடைக்காமல், யாரையும் கேட்காமல் நடந்த பாதை பொதுப்பாதை. கேட்டு நடந்திருந்தால் அது நிலத்துக்காரர் காட்டிய தயவு, நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஊர் மண்டபத்தில் முப்பத்தொரு சாட்சிகள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி மிஸ் ஓக்ஷாட் முதலில் நோயலைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரூட்டரின் வக்கீல் எழுந்து, மிக இனிமையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போற வழியில ஸ்ட்ரூட்டர் ஐயாவையோ, அவங்கப்பாவையோ பார்த்தா என்ன சொல்வீங்க?"

"போய்ட்டு வரலாங்களான்னு கேப்பேன். தாராளமாம்பாரு. கேக்காம போனா மரியாதையா இருக்குமா?" என்றார் நோயல்.

அவரோடு சேர்த்து முப்பது பேர் அதையே சொன்னார்கள், அதுவும் பெருமையாக. சொல்லச் சொல்ல வழி கைநழுவிப் போவது வின்னிக்கு மட்டும் புரிந்தது. கடைசியாக அவள் எழுந்து, தான் யாரையும் கேட்டதில்லை என்றாள். சுவரேறித் தாண்டும் படியில் மட்டும் மன்னிக்கணும் என்று சொல்வதுண்டு. யாரிடம் என்று வக்கீல் கேட்டார்.

"செம்மறியாட்டுகிட்ட. அது படிக்குக் கீழ படுத்திருக்கும், பாவம்."

அந்த ஆடு ஸ்ட்ரூட்டருடையது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி வக்கீல் அதிகாரியைக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மிஸ் ஓக்ஷாட் இடத்தைப் பார்க்கப் போனாள். இடத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதும் வழக்கம் கிடையாது. அதற்குள் செவிட்டுக்கல் வேலிக்கதவு வரை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம், மூக்கு இடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஊர். மூச்சுவிட யாருக்கும் நேரமில்லை. பிள்ளைகள் சுவர் மேல், பாதிரியார் நாற்காலி மேல். கம்பியை அறுத்துக்கொண்டு வருமா, தாண்டி வருமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் நடந்தது. ஸ்ட்ரூட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவருகே வந்து கல்லுக்கு முகத்துக்கு முகம் நின்றார். எங்கள் நாட்டில் யாரும் செய்யக்கூடிய தவற்றை அப்போது செய்தார். எதிரே ஒருவர் வந்து காத்திருக்க, மூடிய கதவுக்கு முன்னால் சும்மா நிற்க எங்களால் ஆகாது. அது ரத்தத்திலேயே கிடையாது. சாவியை எடுத்துத் திறந்தார். கதவை அகல இழுத்துப் பிடித்தார். தொப்பியைத் தொட்டார்.

"மன்னிக்கணும், எனக்காக நிக்காதீங்க. வழி உங்களோடது."

எல்லோரும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டியிருக்க வேண்டும். கல் இந்தப் பக்கம் நின்றது.

மிஸ் ஓக்ஷாட் பேனாவைத் திறந்தாள். "போகலாம்னு சொன்னீங்களா, வழி உங்களோடதுன்னு சொன்னீங்களா?"

ஸ்ட்ரூட்டர் நல்ல மனிதர், பொய் வராது. "வழி உங்களோடதுன்னுதான்."

முன்னது அனுமதி, பின்னது ஊரின் உரிமையை ஒப்புக்கொண்டது என்று அவள் எழுதிக்கொண்டாள். கல்லிடம் சொன்னது மனிதருக்குச் செல்லாது என்று வக்கீல் பாய்ந்து வந்தார். ஆனால் அவர் கட்சிக்காரர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்தவன் அடுத்து வருபவர் முகத்தில் அதை விட்டுவிட முடியுமா? நோயல் நுழைந்தார், நன்றி என்றார். உங்க வழிதான் என்றார் ஸ்ட்ரூட்டர். அடுத்தவள் நுழைந்தாள். உங்க வழிதான். ஊரே உள்ளே போயிற்று, லீட்ஸ்காரர்கள் போனார்கள், நான் போனேன். இருநூற்றுப் பதினாலு முறை அவர் அதைச் சொன்னார். மிஸ் ஓக்ஷாட் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மேலே ஏறியவர்கள் கல் இருந்த வெறுங்குழியைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்கள், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள், பிறகு கூச்சப்பட்டு வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த மேட்டில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

கடைசியாக வந்தவள் வின்னி. அவள் நொண்டி நொண்டி வந்து சேரும்வரை ஸ்ட்ரூட்டர் கதவை விடவில்லை. காட்டுக்கோழி வேட்டைக்கு வரும் விருந்தாளிகளுக்கு இடைஞ்சல் என்று வேலிக்கு அவர் அதுவரை சொல்லிவந்த காரணம் அவளுக்கு என்றைக்குமே ஒத்துக்கொள்ளவில்லை.

"நெசமாவே எதுக்குக் கண்ணு வேலி போட்ட?"

அவர் காது வரை சிவந்துபோனார். "அப்பா செத்ததுலேர்ந்து நானும் கல்லுகிட்டதான் போய்க் கத்துறேன். சுவரோரம் நிக்கிறவங்களுக்குக் கேட்டுடுமோன்னு..."

"கேக்கத்தான் செய்யும். எல்லாரோடதும் கேக்கும். ஆனா யாரும் கேட்டதில்ல," என்றாள் வின்னி.

பாதை பொதுப்பாதையாகப் பதிவாயிற்று. கல் கதவுக்கு இந்தப் பக்கம் ஓடைப் பாலத்தருகே நின்றுகொண்டது; வரைபடத்திலும் அங்கே மாற்றிப் போட்டார்கள். ஏழு வருஷம் நகரவில்லை. எட்டாம் வருஷப் பனிக்காலத்தில் வின்னியின் இடுப்பு வீட்டு வாசலையும் தாண்ட மறுத்தது. மறுவாரம் ஒரு காலையில் செவிட்டுக்கல் அவள் ஜன்னலுக்கு எதிரே தெருவில் நின்றது. பால்வண்டி போக இடமில்லாததால் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும்படி ஊர்மன்றம் அதற்கு ஒரு கடிதம் எழுதியது. ஒதுங்கிக்கொண்டது. வின்னி ஜன்னலைத் திறந்து, மகன் பெயரைச் சொல்லி, டெஸ்மண்ட், டெஸ்மண்ட் என்று கத்தத் தொடங்கினாள். தெருவிலிருந்த மற்ற ஜன்னல்கள் எல்லாம், சத்தம் வராமல், மெல்லச் சாத்திக்கொண்டன.